இலவசப் பல்கலைக்கழக விரிவுரைகள் மூலம் அரசியல் அறிவியல் கற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய பல்கலைக்கழகங்களின் அரசியல் அறிவியல் வகுப்புகள் முழுமையாகப் பதிவு செய்யப்பட்டு, யார் வேண்டுமானாலும் கேட்கும்படி இணையத்தில் கிடைக்கின்றன. பட்டப்படிப்பில் வேறு பாடம் எடுத்தவர்கள், வேலைக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆனவர்கள், இன்னும் கல்லூரிக்குள் நுழையாதவர்கள் என்று பலரும் இவற்றைக் கேட்கத் தொடங்குகிறார்கள். தொடங்கும்போது எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்கள் இங்கே.

செய்திகளையும் விவாத நிகழ்ச்சிகளையும் தவறாமல் பார்க்கிறேன். அரசியல் அறிவியல் தனியாக எதற்கு?

நேற்று என்ன நடந்தது என்பதைச் செய்தி சொல்கிறது. அதே போன்ற நிகழ்வு வேறு எங்கெல்லாம் நடந்தது, எங்கெல்லாம் நடக்கவில்லை, அந்த வேறுபாட்டுக்கு என்ன காரணம் என்று அரசியல் அறிவியல் கேட்கிறது. 2015இல் பிரிட்டனில் நடந்த பொதுத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். ஐக்கிய ராஜ்ய சுதந்திரக் கட்சி 12.6 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது; கிடைத்தது ஒரே ஓர் இடம். ஸ்காட்லாந்து தேசியக் கட்சி பெற்றது 4.7 விழுக்காடுதான், ஆனால் 56 இடங்கள். செய்தியாக மட்டும் படிப்பவர் இதை அநியாயம் என்றோ விசித்திரம் என்றோ சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். தேர்தல் முறைகளைப் படித்தவருக்கு இதில் வியப்பில்லை. ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர், அதிக வாக்கு பெற்றவர் வெற்றி என்ற முறையில், நாடெங்கும் சிதறிய வாக்குகள் இடங்களாக மாறுவதில்லை. ஒரே நிலப்பரப்பில் குவிந்த வாக்குகள் மாறும். ஸ்காட்லாந்துக் கட்சி போட்டியிட்டதே அங்குள்ள 59 தொகுதிகளில்தான். இதைப் புரிந்துகொண்டவர் எந்த நாட்டின் தேர்தல் முடிவைப் பார்த்தாலும், வாக்கு எவ்வளவு என்பதோடு எங்கே குவிந்திருக்கிறது என்றும் பார்ப்பார்.

விவாத நிகழ்ச்சிகள் நமக்கு ஏற்கனவே இருக்கும் கருத்தை இன்னும் உரக்கச் சொல்லக் கற்றுத்தருகின்றன. எந்தச் சான்று கிடைத்தால் அந்தக் கருத்தை மாற்றிக்கொள்வோம் என்ற கேள்வியை அவை எழுப்புவதில்லை. ஒரு நல்ல விரிவுரைத் தொடர் முதல் சில வாரங்களிலேயே அந்தக் கேள்வியை உங்கள் முன் வைத்துவிடும்.

இவை உண்மையான வகுப்புகளா, இணையத்துக்காகத் தயாரித்த சுருக்கமா?

இரண்டும் உண்டு, வேறுபாடு தெரிந்திருப்பது நல்லது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், அதாவது எம்.ஐ.டி., தன் பாடப்பொருள்களை இலவசமாக வெளியிடப்போவதாக 2001இல் அறிவித்தது. அங்கே அரசியல் அறிவியலுக்குத் துறை எண் 17. பாடத்திட்டம், வாசிப்புப் பட்டியல், கட்டுரைத் தலைப்புகள் ஆகியவை நிறைய இருக்கும். காணொளி எல்லாப் பாடங்களுக்கும் இருக்காது. யேல் பல்கலைக்கழகம் 2007 டிசம்பரில் தொடங்கிய 'ஓப்பன் யேல் கோர்ஸஸ்' திட்டத்தில் மாணவர்கள் அமர்ந்திருந்த வகுப்பே முதல் நாள் முதல் கடைசி நாள் வரை பதிவாகியிருக்கிறது. காணொளி, ஒலிப்பதிவு, எழுத்து வடிவம் மூன்றும் கிடைக்கும்.

2012இல் தொடங்கிய கோர்செரா, எட்எக்ஸ் போன்ற தளங்களின் பாடங்கள் இணையத்துக்கென்றே தயாரானவை. பத்து நிமிடத் துண்டுகள், நடுவே சிறு வினாக்கள் என்று போகும். இவற்றில் சில பாடங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம், சிலவற்றைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் பார்க்கலாம், சிலவற்றுக்குப் பணம் கட்ட வேண்டும். சேரும்போதே நிபந்தனையைப் படித்துவிடுங்கள்.

அரசியல் அறிவியலுக்கு நான் பரிந்துரைப்பது முழு வகுப்புப் பதிவுகளையே. ஒரு வாதம் கட்டி எழுப்பப்பட்டு, எதிர்வாதத்தால் அசைக்கப்பட்டு, திருத்தப்பட்டு நிற்பதற்கு நாற்பத்தைந்து நிமிடமாவது வேண்டும். பத்து நிமிடத்தில் முடிவை மட்டும்தான் சொல்ல முடியும்.

எந்தப் பாடத்தில் தொடங்குவது?

யேலில் 2006 இலையுதிர் காலப் பருவத்தில் ஸ்டீவன் ஸ்மித் நடத்திய அரசியல் தத்துவ அறிமுகம். மொத்தம் 24 விரிவுரைகள். பிளேட்டோ, அரிஸ்டாட்டில், மாக்கியவெல்லி, ஹாப்ஸ், லாக், ரூசோ, டோக்வில் என்று ஒவ்வொரு சிந்தனையாளருக்கும் இரண்டு முதல் ஐந்து வகுப்புகள். தொழில்நுட்பச் சொற்கள் குறைவு, கணக்கு இல்லை, முன்னறிவு தேவையில்லை.

தொடக்கமே அருமையானது. கி.மு. 399இல் ஏதென்ஸ் நகரம் எழுபது வயது சாக்ரடீஸை விசாரித்து மரண தண்டனை விதித்தது. விசாரணையில் அவர் நீதிபதிகளைப் பார்த்து, தத்துவம் பேசுவதை விடச் சொல்லி நீங்கள் ஆணையிட்டாலும் கேட்க மாட்டேன், உங்களைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிவேன் என்கிறார். பிறகு சிறையில், தப்பியோட வழிசெய்ய வந்த நண்பர் கிரிட்டோவிடம், சட்டத்தை மீறி ஓட மாட்டேன், இந்நகரின் சட்டங்களே என்னை வளர்த்தன என்கிறார். ஒரே மனிதர், சில வார இடைவெளி. சட்டத்துக்குக் கீழ்ப்படிய மாட்டேன் என்றவர் எப்படிச் சட்டத்துக்காகச் சாகத் துணிகிறார்? இந்த முரணைச் சட்டென்று தீர்த்துவிடாமல் அதனோடு சிறிது நேரம் இருக்கப் பழகுவதுதான் இந்தத் துறையில் நுழைய முதல் தகுதி. நீங்கள் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்பதை எழுதி வைத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போங்கள்.

பழைய நூல்கள் என்றாலே தயக்கமாக இருப்பவர்கள் ஹார்வர்டில் மைக்கேல் சாண்டல் நடத்திய நீதி பற்றிய தொடரில் தொடங்கலாம். 12 பகுதிகள்; 2009இல் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பானவை. பெரிய அரங்கில் நூற்றுக்கணக்கான மாணவர்கள். பேராசிரியர் கேட்கிறார், அவர்கள் பதில் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். 1884இல் மூழ்கிய மினியோனெட் என்ற படகின் கதை அதில் வரும். நடுக்கடலில் உணவின்றித் தவித்த நான்கு பேரில், நோயுற்றிருந்த பணியாள் சிறுவனைக் கொன்று தின்று மற்ற மூவரும் உயிர் பிழைத்தார்கள். கரை சேர்ந்தபின் டட்லி, ஸ்டீஃபன்ஸ் என்ற இருவர் மீது கொலை வழக்கு. மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பிறகு ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது. மூன்று உயிருக்காக ஓர் உயிர் என்ற கணக்கை ஏற்க முடியுமா? சிறுவன் சம்மதித்திருந்தால் விடை மாறுமா? சீட்டுக் குலுக்கியிருந்தால்? ஈர்ப்பில் இதற்கு ஈடான பாடம் குறைவு. ஆனால் இது நீதிநெறிப் பாடம். அரசு என்ற அமைப்பைப் பற்றி இதில் குறைவாகத்தான் வரும். இதை மட்டும் கேட்டுவிட்டு அரசியல் அறிவியல் தெரிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

இரண்டாவது பாடமாக யேலில் 2010இல் இயன் ஷாபிரோ நடத்திய அரசியலின் அறநெறி அடிப்படைகள். ஓர் அரசாங்கம் எப்போது நம் விசுவாசத்துக்கு உரியதாகிறது, எப்போது அதை மறுக்க வேண்டும் என்ற ஒற்றைக் கேள்வியைப் பருவம் முழுக்கத் துரத்தும் பாடம் அது. தொடங்குவது ஐக்மன் வழக்கில்: யூதர்களை வதைமுகாம்களுக்கு அனுப்பும் வேலையை ஒழுங்குபடுத்திய நாஜி அதிகாரி, 1960இல் அர்ஜென்டினாவில் இஸ்ரேலிய உளவாளிகளால் கடத்தப்பட்டு, 1961இல் ஜெருசலேமில் விசாரிக்கப்பட்டவர். ஆணைக்குக் கீழ்ப்படிந்தேன் என்பது அவருடைய வாதம். அவரைப் பிடித்தவர்களோ இன்னொரு நாட்டின் சட்டத்தை மீறித்தான் பிடித்தார்கள். அங்கிருந்து பெந்தாமின் பயன்பாட்டுவாதம் (பெரும்பான்மையோருக்கு அதிக இன்பம் தருவதே சரி என்ற கொள்கை), மார்க்சியம், சமூக ஒப்பந்தம் (மக்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டில் அரசு பிறக்கிறது என்ற கருத்து), ஜனநாயகம் என்று வரிசையாகப் போகிறது. ஒவ்வொரு கோட்பாட்டையும் அதன் வலுவான வடிவத்தில் எடுத்துச் சொல்லிவிட்டுப் பிறகே தாக்குவார். அந்த நேர்மைக்காகவே கேட்கலாம்.

எனக்குத் தத்துவம் வேண்டாம். தேர்தல், கட்சி, நாடாளுமன்றம் எப்படி இயங்குகின்றன என்பதே வேண்டும்.

அப்படியானால் நீங்கள் தேடுவது ஒப்பீட்டு அரசியல், அதாவது வெவ்வேறு நாடுகளின் ஆட்சி அமைப்புகளை ஒப்பிட்டுப் படிக்கும் பிரிவு. துறையின் முக்கியப் பகுதிகளில் ஒன்று அது. இங்கே முழுக் காணொளித் தொடர்கள் தத்துவத்தைவிடக் குறைவு. எம்.ஐ.டி. வெளியிட்டுள்ள பாடத்திட்டங்களை எடுத்து, வாசிப்புப் பட்டியலின் வழியே போவதுதான் நடைமுறையில் பலன் தரும்.

எதைத் தேட வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி சொல்கிறேன். அதிக வாக்கு பெற்றவர் வெற்றி என்ற முறை இரு கட்சி அமைப்பை நோக்கித் தள்ளும், வாக்கு விகிதப்படி இடங்களைப் பிரிக்கும் விகிதாசார முறை பல கட்சிகளுக்கு இடம் தரும் என்று பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் துவர்ஷே 1951இல் எழுதினார். மூன்றாம் கட்சிக்கு இடும் வாக்கு வீணாகும் என்ற அச்சம் வாக்காளரை இரண்டில் ஒன்றுக்குத் தள்ளுகிறது என்பது விளக்கம். அமெரிக்காவைப் பார்த்தால் சரிதான். ஆனால் இந்தியாவிலும் கனடாவிலும் அதே தேர்தல் முறைதான், கட்சிகளோ பல. விதி பொய்யா? தொகுதி அளவில் இறங்கிப் பார்த்தால் பல இடங்களில் போட்டி இருவருக்கு இடையில்தான். எந்த இருவர் என்பதுதான் பகுதிக்குப் பகுதி மாறுகிறது. அந்த விளக்கமும் எல்லா இடத்துக்கும் பொருந்துவதில்லை என்று அடுத்த கட்டுரை சொல்லும். ஒரு விதி, அதற்கு விலக்கு, விலக்குக்கு விளக்கம், விளக்கத்துக்குச் சோதனை: ஒப்பீட்டு அரசியல் இப்படித்தான் நகர்கிறது.

நியூசிலாந்து இதற்குக் கிடைத்த அரிய சோதனைக்களம். 1978, 1981 ஆகிய இரு தேர்தல்களிலும் தொழிற்கட்சி அதிக வாக்குகள் பெற்றும் தேசியக் கட்சியே ஆட்சி அமைத்தது. மக்களின் அதிருப்தி வளர்ந்து, 1993இல் வாக்கெடுப்பின் மூலம் தொகுதி உறுப்பினர்களோடு கட்சிகளின் வாக்கு விகிதத்தையும் கணக்கில் கொள்ளும் கலப்பு விகிதாசார முறைக்கு மாறினார்கள். 1996இல் புதிய முறையில் முதல் தேர்தல். அதன்பின் 2020 வரை எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. நாடும் மக்களும் அப்படியே இருக்க, விதி மட்டும் மாறினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணெதிரே பார்க்கலாம்.

இதோடு, யேலின் பென் போலக் 2007இல் நடத்திய ஆட்டக் கோட்பாட்டுப் பாடத்தில் (ஒருவர் முடிவு மற்றவர் முடிவைச் சார்ந்திருக்கும்போது எப்படி முடிவெடுப்பது என்று ஆராய்வது அது) தேர்தல் தொடர்பான வகுப்புகளை மட்டுமாவது கேளுங்கள். இரு வேட்பாளர்களும் ஏன் நடுவை நோக்கி நகர்கிறார்கள் என்ற கேள்வி அங்கே கரும்பலகையில் படிப்படியாக அவிழும். பொருளாதாரத் துறைப் பாடம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

போர், வல்லரசுகள், வெளியுறவு பற்றி?

ஷாபிரோ 2019இல் நடத்திய 'இன்றைய உலகில் அதிகாரமும் அரசியலும்' தொடர் யூடியூபில் இருக்கிறது. சோவியத் ஒன்றியத்தின் வீழ்ச்சியில் தொடங்கி அந்நாள் வரைக்குமான அரசியலைப் பேசுகிறது. கோட்பாட்டையும் நடப்பையும் பின்னும் விதத்தில் அதற்கு நிகரான இலவசப் பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

அதைக் கேட்கும் முன் அமெரிக்கப் பன்னாட்டு உறவு அறிஞர் கென்னத் வால்ட்ஸ் 1959இல் முன்வைத்த ஒரு பகுப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போருக்கான காரணத்தை மூன்று தளங்களில் தேடலாம்: மனித இயல்பு, அரசுகளின் உள்ளமைப்பு, மேலே கட்டுப்படுத்த யாருமில்லாத பன்னாட்டு அமைப்பு. 1914இல் தொடங்கிய முதல் உலகப் போரைப் பற்றிப் பேசும்போது ஒருவர் ஜெர்மன் பேரரசரின் குணத்தைச் சொல்வார், ஒருவர் ஆஸ்திரிய-ஹங்கேரியின் உள்நாட்டுச் சிக்கலைச் சொல்வார், ஒருவர் கூட்டணிகளின் பிணைப்பைச் சொல்வார். அவர்கள் சண்டையிடுவதுபோல் தோன்றினாலும் வெவ்வேறு தளத்தில் நின்று பேசுகிறார்கள். எந்தப் போர்ச் செய்தியைப் படித்தாலும் எழுதியவர் எந்தத் தளத்தில் நிற்கிறார் என்று கேளுங்கள்.

ஆங்கிலம் படிக்க வரும். காதால் கேட்டுப் புரிந்துகொள்வது கடினம். முடியுமா?

முடியும். எழுத்து வடிவத்தை முதலில் படியுங்கள், பிறகு கேளுங்கள். வரிசையை மாற்றினாலே பாதிச் சிரமம் போய்விடும். வேகத்தை முக்கால் பங்காகக் குறைக்கலாம். தானியங்கித் தமிழ் வசன வரிகளை இந்தத் துறையில் நம்ப வேண்டாம். பெயர்களையும் கலைச்சொற்களையும் அவை சிதைத்துவிடுகின்றன. ஆங்கில வசன வரிகளே மேல். ஒரு பேராசிரியரின் உச்சரிப்புக்குக் காது பழக மூன்று நான்கு வகுப்புகள் ஆகும். ஆகவே பாடத்துக்குப் பாடம் தாவாமல் ஒருவரையே தொடருங்கள்.

குறிப்பு எடுக்க வேண்டுமா? எப்படி?

வேண்டும். பேராசிரியர் சொன்னதை எல்லாம் எழுதாதீர்கள். அது ஏற்கனவே எழுத்தில் கிடைக்கிறது. வகுப்பு முடிந்ததும் எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு, அன்றைய வாதத்தை நான்கைந்து வாக்கியத்தில் தமிழில் எழுதுங்கள். எதை நிறுவ முயன்றார்? என்ன காரணங்கள் சொன்னார்? எந்த இடத்தில் உங்களுக்கு ஒப்புதல் இல்லை? மூன்றாவது கேள்விக்கு விடை எழுத வரவில்லை என்றால் அந்த வகுப்பை நீங்கள் இன்னும் கேட்கவில்லை என்றே பொருள்; திரும்பக் கேளுங்கள். தமிழில் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் பேராசிரியரின் சொற்களையே திருப்பி அடுக்கிவிட முடியும், புரிந்ததுபோல் ஒரு மயக்கமும் வரும். சொந்த மொழியில் எழுதும்போது புரியாத இடம் அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

மூல நூல்களையும் படித்தே ஆக வேண்டுமா? அவற்றின் சுருக்கம் போதாதா?

மூல நூலைப் படிக்காமல் கேட்கும் தத்துவ விரிவுரை பாதிப் பயன்தான் தரும். நூலின் சுருக்கம், அதுவும் இன்று நொடியில் எந்திரம் எழுதித் தரும் சுருக்கம், முடிவைச் சொல்லும். அந்த முடிவுக்கு வந்த பாதையை விட்டுவிடும். அரசியல் சிந்தனையில் பாதையே பொருள்.

ஹாப்ஸ் 1651இல் வெளியிட்ட 'லெவியதான்' நூலுக்குச் சுருக்கம் கேட்டால், குழப்பத்தைத் தவிர்க்க வலுவான ஆட்சி வேண்டும் என்றார் என்று வரும். நூலைத் திறந்தால் அவர் சமத்துவத்தில் தொடங்குகிறார்: தூங்கும்போதோ கூட்டுச் சேர்ந்தோ மிக வலியவனையும் மிக எளியவன் கொன்றுவிட முடியும், ஆகவே மனிதர் சமம். உயிரைக் காத்துக்கொள்ளும் உரிமை மனிதனுக்கு இயல்பாகவே உண்டு. அந்த உரிமைக்காகத்தான் ஆட்சியாளரை ஏற்படுத்துகிறார்கள் என்பதால், உன்னை நீயே கொல் என்று அவர் ஆணையிட்டால் மறுக்கலாம் என்றும் ஹாப்ஸ் எழுதுகிறார். சர்வாதிகாரத்தின் வழக்கறிஞர் என்று பெயர் எடுத்தவரின் வாதத்துக்குள் எதிர்ப்பின் விதை கிடக்கிறது. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரின்போது பாரிஸில் அடைக்கலம் புகுந்திருந்தவர் இதை எழுதினார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒவ்வொரு வரிக்கும் கனம் கூடுகிறது.

முழு நூல் வேண்டாம். பாடத்திட்டத்தில் அத்தியாய எண்கள் குறிக்கப்பட்டிருக்கும்; அவற்றை மட்டும் படியுங்கள். பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்கள் 'புராஜெக்ட் குட்டன்பர்க்' தளத்தில் இலவசம். சிக்கலான இடங்களுக்கு ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியம் உதவும். அந்தந்தத் துறை அறிஞர்கள் எழுதிப் புதுப்பித்து வரும் கட்டுரைகள், அதுவும் இலவசம்.

விரிவுரை கேட்பது மேலோட்டமான கல்வி என்கிறார்களே?

இந்தத் துறையின் அடிப்படை நூல்கள் சில விரிவுரைகளாகவே பிறந்தவை. ஒரு நிலப்பரப்புக்குள் முறையான வன்முறையின் ஏகபோக உரிமையைக் கோரி வெற்றிபெறும் மனிதச் சமூகமே அரசு என்ற மாக்ஸ் வேபரின் வரையறை, 1919 ஜனவரியில் மியூனிக்கில் மாணவர்கள் முன் ஆற்றிய உரையில் வந்தது. பிறர் தலையீடு இல்லாமை, தன்னைத் தானே ஆளுதல் என்ற இரு வகைச் சுதந்திரங்களைத் தத்துவ அறிஞர் ஐசையா பெர்லின் பிரித்துக் காட்டியது 1958இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராகப் பொறுப்பேற்ற உரையில். குடியுரிமை பற்றிய டி.எச். மார்ஷலின் புகழ்பெற்ற கருத்துகள் 1949இல் கேம்பிரிட்ஜில் பேசப்பட்டவை. லண்டனின் கிரெஷாம் கல்லூரி 1597 முதல் பொதுமக்களுக்கு இலவச விரிவுரை நடத்தி வருகிறது. இன்று அவை இணையத்திலும் உண்டு. பி.பி.சி.யின் ரீத் உரைகள் 1948இல் பெர்ட்ரண்ட் ரஸலின் உரையோடு தொடங்கியவை. இவை எதுவும் மேலோட்டமானவை அல்ல. மேலோட்டமாவது கேட்கும் விதம்தான்: வேறு வேலை செய்துகொண்டே பின்னணியில் ஓடவிட்டால் எந்த உரையும் இரைச்சலாகிவிடும்.

பேராசிரியருக்கே ஒரு சார்பு இருக்குமே? அது எனக்கும் ஒட்டிக்கொள்ளாதா?

இருக்கும். கட்சிச் சார்பைக் கண்டுபிடிப்பது எளிது, அதனால் ஆபத்தும் குறைவு. கவனிக்க வேண்டியது வேறொன்று: எதைக் கேள்வியாக எடுக்கிறார்கள், எதை எடுப்பதில்லை என்பது. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பாடங்களில் உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளாக இருக்கும். சிந்தனை ஏதென்ஸில் தொடங்கி மேற்கு ஐரோப்பா வழியே அமெரிக்காவில் வந்து முடியும். சாதி என்ற ஏற்பாடு இருக்கும் சமூகத்தில் சமூக ஒப்பந்தம் என்றால் என்ன, காலனியாட்சியிலிருந்து விடுபட்ட அரசு மக்களின் ஏற்பை எங்கிருந்து பெறுகிறது போன்ற கேள்விகள் அங்கே ஓரமாக வரும், அல்லது வரவே வராது.

இந்தக் குறையை நாமே நிரப்ப வேண்டும். மாக்கியவெல்லி படிக்கும் வாரத்தில் கௌடில்யரையும் திருக்குறளின் பொருட்பாலில் அரசு, அமைச்சு, தூது பற்றிய அதிகாரங்களையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஆள்பவனுக்கு அறிவுரை என்ற ஒரே வகை எழுத்து. ஆனால் அறத்துக்கும் ஆட்சிக்கும் இடையே மூவரும் போடும் கோடு வேறு வேறு. பேரரசுகளின் எழுச்சி வீழ்ச்சிக்கு இப்னு கல்தூன் 14ஆம் நூற்றாண்டில் தந்த விளக்கத்தையும் படியுங்கள். டோக்வில் ஜனநாயகத்தைப் பற்றி எழுதியதைப் படித்து முடித்ததும், 1949 நவம்பர் 25 அன்று இந்திய அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் ஆற்றிய உரையைப் படியுங்கள். அரசியலில் சமத்துவம், சமூக வாழ்விலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வு என்ற முரண்பாட்டை எவ்வளவு காலம் தாங்க முடியும் என்று அவர் கேட்டது டோக்வில் தொடாத கேள்வி.

கணக்கும் புள்ளியியலும் தேவையா?

தத்துவத்துக்குத் தேவையில்லை. மற்ற பிரிவுகளில் ஓரளவுக்கு மேல் போக வேண்டுமென்றால் தேவை. ஒரு தகராறைச் சொல்கிறேன். வளமான நாடுகளே ஜனநாயகமாக இருக்கின்றன என்ற தொடர்பை அமெரிக்க அறிஞர் லிப்செட் 1959இல் எழுதினார். வளம் ஜனநாயகத்தை உருவாக்குகிறது என்று பலர் அதைப் புரிந்துகொண்டார்கள். அரசியல் அறிவியலாளர்கள் பிஷெவோர்ஸ்கியும் லிமோங்கியும் 1997இல் தரவுகளோடு வந்து, வளம் ஜனநாயகத்தை உருவாக்குவதில்லை, ஏற்கனவே உருவானதை விழாமல் காக்கிறது என்று வாதிட்டார்கள். இரண்டு விளக்கமும் ஒரே படத்தைத்தான் தரும்: வளமான நாடுகளில் ஜனநாயகம் அதிகம். எது சரி என்று பார்க்கத் தரவைக் காலவரிசையில் பிரிக்கத் தெரிய வேண்டும். அந்த அளவுக்குப் போதுமான புள்ளியியலைக் கற்றுக்கொள்ளுங்கள். ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் இயங்கும் 'வி-டெம்' திட்டம் நாடுகளின் ஜனநாயக நிலை பற்றிய 1789 முதலான தரவுகளை இலவசமாகத் தருகிறது. பயிற்சிக்கு அது போதும்.

2006, 2010 பதிவுகள் பழையன ஆகிவிடவில்லையா?

பிளேட்டோவைப் பற்றிய வகுப்பு பழையதாகாது. ஒப்பீட்டு அரசியலிலும் பன்னாட்டு உறவுகளிலும் தேதியைப் பாருங்கள். 2019 தொடருக்குப் பெருந்தொற்றும் தெரியாது, 2022இல் உக்ரைன் மீது ரஷ்யா தொடுத்த முழு அளவிலான போரும் தெரியாது. அதில் ஒரு நன்மையும் உண்டு: பேராசிரியர் அன்று எதை எதிர்பார்த்தார், எது நடந்தது என்று நீங்களே சரிபார்க்கலாம்.

சான்றிதழ் கிடைக்குமா?

யேல், எம்.ஐ.டி. திறந்த பாடங்களுக்குக் கிடையாது. எட்எக்ஸ், கோர்செராவில் பணம் கட்டினால் கிடைக்கும். சான்றிதழுக்காக என்றால் இந்தத் துறையை இந்த வழியில் கற்க வேண்டாம்.

பாடங்களைப் பதிவிறக்கி மற்றவர்களுக்குக் கொடுக்கலாமா?

யேல், எம்.ஐ.டி. திறந்த பாடங்கள் பெரும்பாலும் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த பகிர்வு உரிமத்தில் உள்ளன. மூலத்தைக் குறிப்பிட்டு, வணிக நோக்கமின்றி, அதே நிபந்தனையோடு பகிரலாம், மொழிபெயர்க்கவும் செய்யலாம். வகுப்பில் காட்டப்படும் பிறருடைய படங்களுக்கும் காட்சிகளுக்கும் இது பொருந்தாது. ஒரு விரிவுரையின் எழுத்து வடிவத்தைத் தமிழாக்குவதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை. அதை வெளியிட்டால் அடுத்தவருக்கும் பயன்.

தனியாகக் கற்பதில் எது குறைகிறது?

எதிர்த்துப் பேசும் ஆள். இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். அந்தப் பல்கலைக்கழகங்களில் விரிவுரையைத் தவிர வாரம் ஒருமுறை சிறு குழுவாக உட்கார்ந்து விவாதிப்பார்கள். அதுவோ, மாணவர்கள் எழுதிய கட்டுரைகளின் மேல் விழுந்த சிவப்பு மையோ பதிவில் இல்லை. நமக்குக் கிடைப்பது கல்வியின் ஒரு பகுதி மட்டுமே. மீதியை ஈடுசெய்யாவிட்டால், பெயர்களையும் மேற்கோள்களையும் ஆயுதமாக வீசும் ஒருவராக மாறிவிடும் ஆபத்து உண்டு. அப்படிப்பட்டவரோடு யாராலும் அரசியல் பேச முடியாது.

இரண்டு பேர் போதும். ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் கேட்கும் ஒரு நண்பரைப் பிடியுங்கள். உங்கள் அரசியலோடு ஒத்துப்போகாதவராக இருந்தால் இன்னும் நல்லது. வாரம் ஒரு மணி நேரம் பேசுங்கள். ஒரு நிபந்தனை வையுங்கள்: மற்றவர் வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொன்ன பிறகே மறுக்கலாம். ஆள் கிடைக்கவில்லை என்றால், உங்கள் கருத்துக்கு எதிரான மிக வலுவான வாதத்தை ஒரு பக்கம் எழுதி, ஒரு வாரம் கழித்து அதற்கு மறுப்பு எழுதுங்கள். மறுப்பு எழுத முடியாமல் போகும் வாரங்கள் வரும். அந்த வாரங்களில்தான் ஏதோ கற்றிருக்கிறீர்கள்.

ஒரு பாடத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பாதியில் நின்றுவிடுகிறதே?

ஸ்மித்தின் பாடம் கேட்பதற்கு மட்டும் இருபது மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வாசிப்போடும் எழுத்தோடும் சேர்த்தால் அதைப்போல் மூன்று மடங்காவது ஆகும். வாரம் இரண்டு வகுப்பு என்றால் 12 வாரம். அதைவிட வேகமாகப் போக வேண்டாம். பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் சோம்பல் அன்று, ஒரே நேரத்தில் நான்கு பாடங்களைத் தொடங்குவது. ஒன்று முடியும்வரை இன்னொன்றைத் திறக்காதீர்கள். சலிப்புத் தட்டினால் ஒரு சிந்தனையாளரை முழுதாகத் தாண்டி அடுத்தவருக்குப் போகலாம்; அரிஸ்டாட்டிலை விட்டாலும் ஹாப்ஸ் புரிவார்.

முதல் பாடத்தை முடித்துவிட்டேன். அடுத்து?

அடுத்த பாடத்தைத் தேடாதீர்கள். ஒரு கேள்வியைத் தேடுங்கள். 'கான்ஸ்டிடியூட்' என்ற தளத்தில் உலக நாடுகளின் அரசமைப்புச் சட்டங்கள், ஒப்பிட்டுப் படிக்கும் வசதியோடு இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே ஜெர்மனியின் 1949ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டத்தில் 67ஆம் பிரிவைப் பாருங்கள். அரசாங்கத் தலைவரை நாடாளுமன்றம் நீக்க வேண்டுமானால், அவருக்குப் பதிலாக இன்னொருவரை அதே வாக்கெடுப்பில் தேர்ந்தெடுத்தாக வேண்டும். கவிழ்ப்பதற்கு மட்டும் ஒன்றுசேரும் கூட்டத்துக்கு அங்கே வழியில்லை. அதற்கு முந்தைய வைமார் குடியரசில், அதாவது முதல் உலகப் போருக்குப் பின் ஹிட்லர் வரும்வரை இருந்த ஜெர்மன் ஜனநாயகத்தில், அரசாங்கங்கள் அடுத்தடுத்துக் கவிழ்ந்த அனுபவத்திலிருந்து எழுதப்பட்ட பிரிவு அது. 1978இல் ஸ்பெயினும் அதே ஏற்பாட்டை எடுத்துக்கொண்டது, 113ஆம் பிரிவு. 1982இல் ஜெர்மனியில் ஷ்மிட் போய்க் கோல் வந்ததும், 2018இல் ஸ்பெயினில் ரஹோய் போய்ச் சான்செஸ் வந்ததும் இந்த வழியில்தான். இந்த ஏற்பாடு ஆட்சிக்கு நிலைத்தன்மை தருகிறதா, ஆதரவு இழந்த பிரதமரையும் நாற்காலியில் ஒட்டவைக்கிறதா? இரு பிரிவுகளையும் படித்துவிட்டு, இந்த இரண்டு வாக்கெடுப்புகளின் பின்னணியைத் தேடி எடுத்து, மூன்று பக்கம் எழுதுங்கள்.